ஸரந்தீபின் பெயரிலாப் பறவை

இலங்கைத் தீவை அரபிகள் ஸரந்தீப் என்றழைத்தனர். சீனம் வரை கடலோடிய வணிகர்களும், அவர்கள் சொல்லக் கேட்டெழுதிய புவியியல் ஆசிரியர்களும் இப்பெயரையே ஆண்டனர். பின்னர் பாரசீகக் கதைகளின் வழியே இச்சொல் ஐரோப்பாவுக்குச் சென்றது. 1754இல் ஹொரேஸ் வால்போல் என்னும் ஆங்கில எழுத்தாளர், ஸரந்தீபின் இளவரசர் மூவர் கதையை நினைவில் கொண்டு, தேடாமலே கிட்டும் நற்பேற்றைக் குறிக்க 'செரண்டிபிட்டி' என்றொரு சொல்லையே ஆக்கினார். அந்த அரபுப் பெயர் 2004ஆம் ஆண்டில் ஒரு சின்னஞ்சிறு ஆந்தைக்குச் சூட்டப்பட்டது. இலங்கையின் தென்மேற்கு மழைக்காடுகளில் மட்டுமே வாழும் அப்பறவைக்கு அதுவரை அறிவுலகில் பெயரே இல்லை.

இந்த ஆந்தை வாழும் காடுகளுள் ஒன்று, பாவா ஆதம் மலையின் அடிவாரத்தில் உள்ளது. ஆதம் (அலை) அவர்களுக்கு இறைவன் பெயர்கள் யாவற்றையும் கற்பித்ததாக அல்பகரா அத்தியாயத்தின் 31ஆம் வசனம் அறிவிக்கிறது. அப்பெயர்கள் எவை என்பதற்கு விளக்கமளித்த இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், மனிதன், கால்நடை, நிலம், கடல், மலை என மக்கள் வழங்கும் பொருட்பெயர்கள் என்றே கொண்டதாகத் தஃப்ஸீர் நூல்கள் கூறுகின்றன. அந்த ஆதி மனிதரின் பெயரைத் தாங்கி நிற்கும் மலையின் நிழலில், ஓர் உயிரினம் பெயரின்றி இத்தனை காலம் கூவிக்கொண்டிருந்தது என்பது சிந்திப்போர்க்குச் சுவையான செய்தியாகும்.

ஒன்றை இங்கே தெளிவுபடுத்திவிட வேண்டும். ஆதம் (அலை) அவர்கள் இறங்கிய இடம் இம்மலைதான் என்பதற்குத் திருக்குர்ஆனிலோ ஆதாரபூர்வமான நபிமொழிகளிலோ சான்று இல்லை. ஹிந்த் தேசத்தில் இறங்கினார்கள் என்னும் அறிவிப்புகளை இமாம் தபரீ (மறைவு ஹிஜ்ரி 310) தம் வரலாற்று நூலில் தொகுத்துள்ளார். அதற்கு முன்பே, கி.பி. 851ஆம் ஆண்டைச் சேர்ந்த 'அக்பாருஸ் ஸீன் வல் ஹிந்த்' என்னும் வணிகர் குறிப்பு நூல், ஸரந்தீபில் அர்ரஹூன் என்றொரு மலை இருப்பதையும் அதன் உச்சிப் பாறையில் பாதச் சுவடு காணப்படுவதையும் பதிவு செய்கிறது. ஆக, இது வரலாற்றில் வேரூன்றிய ஒரு மரபு, அகீதாவின் பாற்பட்டதன்று. இம்மலையைப் பௌத்தர்களும் இந்துக்களும்கூடத் தத்தம் மரபு சார்ந்து போற்றி ஏறுகின்றனர் என்பது வாசகர்கள் அறிந்ததே.

இப்னு பதூதா கண்ட காடு

இம்மலைக்குச் சென்று வந்து விரிவாக எழுதியவர் இப்னு பதூதா ஆவார். ஹிஜ்ரி 745, அதாவது கி.பி. 1344இல், மாலத்தீவிலிருந்து புறப்பட்ட அவர் புத்தளத்தில் கரையிறங்கினார். அங்கிருந்த மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி பாரசீக மொழி அறிந்தவராயிருந்தார். விருந்தினர் விரும்பியது ஆதம் மலைப் பயணம் ஒன்றே எனக் கேட்ட மன்னர், பல்லக்கு கொடுத்து, யோகியர் நால்வர், பிராமணர் மூவர், தம் பணியாளர் பதின்மர், உணவுச் சுமை தூக்குவோர் பதினைவர் ஆகியோரைத் துணைக்கு அனுப்பிவைத்தார். மலையேற்றத்தில் பாபா வழி, மாமா வழி என இரண்டு இருந்தன. முன்னது ஆதமுடையது, பின்னது ஹவ்வாவுடையது. மாமா வழி எளிது. ஆனால் அவ்வழியே ஏறியவரை யாத்திரை செய்தவராகவே எவரும் மதிப்பதில்லையாம்.

நம் தலைப்புக்கு வேண்டியது அவருடைய காட்டுக் குறிப்புகளாகும். நீண்ட வாலும் மனிதரைப் போன்ற தாடியும் உடைய கருங்குரங்குகளை அவர் கண்டார். நீர்நிலை ஓரத்துச் செடிகொடிகளில் காத்திருந்து மனிதர்மேல் பாயும் அட்டையைக் குறிப்பிட்டு, அதன்மீது பிழிவதற்காக அவ்வூரார் எலுமிச்சம்பழத்தை ஆயத்தமாக வைத்திருப்பதையும் எழுதினார். இன்றும் இலங்கையின் ஈரக் காடுகளுக்குள் நுழைவோர் முதலில் சந்திப்பது அட்டைகளைத்தான். இத்துணை கூர்ந்து நோக்கியவரின் பயண நூலிலும் அச்சிற்றாந்தை இடம்பெறவில்லை. அதில் வியப்பும் இல்லை. அவருக்குப் பின் துறைவல்லுநர்களே அறுநூற்றைம்பது ஆண்டுகள் அதைக் காணவில்லை.

வின்சென்ட் லெக் என்பார் 1880இல் நிறைவுசெய்த இலங்கைப் பறவைகள் பற்றிய பெருநூலில் அது இல்லை. பம்பாய் தந்த பறவையியல் மேதை ஸாலிம் அலீ (1896–1987), ரிப்ளேயுடன் இணைந்து 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கைநூல் இலங்கையையும் உள்ளடக்கியதே; அதிலும் இல்லை. இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவி 1868இல் அறியப்பட்ட பிறகு, அத்தீவில் புதிய பறவையினம் எதுவும் இனி இருக்க முடியாது என்றே அனைவரும் முடிவுகட்டியிருந்தனர்.

செவியால் அறிந்தது

1995ஆம் ஆண்டில், கிதுல்கல மழைக்காட்டில், தீபால் வரகாகொட என்னும் இலங்கைப் பறவையியலாளர் இரவில் ஒரு குரலைக் கேட்டார். பறவைக் குரல்களைப் பதிவு செய்வதில் தேர்ந்தவர் அவர். தம் நாட்டின் இரவுப் பறவைகள் அனைத்தின் ஓசையும் அவர் செவிக்குப் பழக்கம். இது அவற்றுள் எதுவுமன்று. மென்மையாக, சற்றே நடுங்கி ஒலிக்கும் ஒற்றைக் கூவல். பிறகு நெடிய இடைவெளி. மீண்டும் ஒரு கூவல். பூச்சிகளும் தவளைகளும் இரைச்சலிடும் மழைக்காட்டு இரவில் இத்தகைய குரலைத் தனித்துப் பிரித்தறிவதே அரிது. பின்னர் சிங்கராஜ வனத்திலும் அதே குரல் கேட்டது. ஆனால் கூவியதைக் காண முடியவில்லை. 2001ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள், சிங்கராஜ வனத்தில்தான் அது அவர் கண்ணில் பட்டது.

முதற்செவியுறலுக்கும் முதற்காட்சிக்கும் இடையில் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள். வால்போலின் சொல்லை இதற்குப் பொருத்தி, தற்செயல் நற்பேறு என்று எழுதியோர் உண்டு. அது பொருந்தாது என்பது என் கருத்து. அறியாத ஒரு குரல், அறியாதது என்று தெரிய வேண்டுமானால், அறிந்த குரல்கள் அனைத்தையும் முன்பே கற்றிருத்தல் வேண்டும். ஹதீஸ் கலையில் ஓர் அறிவிப்பின் நுண்ணிய குறையை உணரும் அறிஞர், ஆயிரக்கணக்கான அறிவிப்புகளை நெஞ்சில் ஏற்றிய பிறகே அந்நிலையை எய்துகிறார். இதுவும் அவ்வாறே.

வரகாகொடவும் அமெரிக்க அறிஞர் பமீலா ராஸ்முசனும் சேர்ந்து, 2004இல் பிரிட்டிஷ் பறவையியலாளர் மன்றத்தின் ஆய்விதழில் அதனைப் புதிய இனமென முறைப்படி விவரித்தனர். பொதுப் பெயரில் ஸரந்தீப் இடம்பெற்றது. அறிவியற்பெயர் ஓட்டஸ் திலோஹோஃப்மன்னி. சிங்களத்தில் அதன் செந்நிறம் பற்றிப் 'பண்டுவன் பஸ்ஸா' என்பர். தமிழில் இன்னும் நிலைபெற்ற பெயர் இல்லாமையால் இக்கட்டுரையில் ஸரந்தீபுச் சிற்றாந்தை என்று வழங்குகிறேன்.

ராஸ்முசன் அம்மையாரைப் பற்றிச் சற்றே விலகி ஒரு செய்தி சொல்லத்தகும். நடு இந்தியாவின் காட்டுச் சிற்றாந்தை 1884க்குப் பிறகு எவராலும் உறுதியாகக் காணப்படாதிருந்தது. 1914இல் குஜராத்தில் அதைப் பிடித்ததாக மைனர்ட்ஸாகன் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் ஒரு பாடம் செய்த உடலைக் காட்டியிருந்தார். தேடியோர் அதை நம்பித் தவறான இடங்களில் அலைந்தனர். அவ்வுடல் வேறொருவருடைய சேகரத்திலிருந்து திருடப்பட்டுப் பொய்ச்சீட்டு ஒட்டப்பட்டது என்பதை ராஸ்முசன் ஆய்ந்து நிறுவினார். பொய்யான அறிவிப்பை நீக்கிவிட்டு, நம்பகமான பழைய இடக்குறிப்புகளை மட்டும் பின்பற்றி, 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் ஷகாதா அருகே அவரும் தோழர்களும் அப்பறவையை உயிருடன் கண்டனர். மவ்ளூஃ எனப்படும் இட்டுக்கட்டப்பட்ட அறிவிப்பு எத்துணைத் தீங்கு விளைக்கும் என்பதை மதரஸா மாணவர்க்கு விளக்க நான் இந்நிகழ்வை எடுத்துக்காட்டுவதுண்டு.

ஸரந்தீபுச் சிற்றாந்தையின் தோற்றத்தை நம் பகுதியினர் மனத்திற்கொள்ள, அவர்கள் அறிந்த ஆந்தையோடு ஒப்பிடல் நலம். வடக்கனந்தல், கச்சிராயபாளையம், கோமுகி அணைப் பக்கங்களில் அந்தி வேளையில் புளியமரப் பொந்திலிருந்து தலை நீட்டி, வட்டக் கண்களால் நம்மை உருட்டிப் பார்க்கும் புள்ளி ஆந்தையைக் காணாதார் இரார். அது மனிதர்க்கு அஞ்சாதது. வயல், தோப்பு, இடிந்த சுவர் என எங்கும் வாழும். ஸரந்தீபுச் சிற்றாந்தை அதனினும் சிறியது, ஏறத்தாழ 16.5 சென்டிமீட்டர் நீளம். சிட்டுக்குருவியைவிடச் சற்றே நீண்டு, பருத்திருக்கும். செம்பழுப்பு உடலெங்கும் சிறு கரும்புள்ளிகள், குட்டை வால், தன் பேரினத்து ஆந்தைகளுக்குரிய காதுத்தூவி இதற்கு இல்லை. பகலில் இணையாகப் புதர்ச்செறிவில், தரையிலிருந்து ஓரிரு மீட்டர் உயரத்தில், உதிர்ந்த இலையோடு இலையாக அமர்ந்திருக்கும். இருட்டியதும் காட்டின் அடித்தளத்தை ஒட்டிப் பறந்து வண்டுகளையும் அந்துப்பூச்சிகளையும் பிடிக்கும். கல்வராயன் மலையின் இலையுதிர் காடுகள் போன்ற வறள் காடுகளில் இதனால் வாழ இயலாது. வான்மூடிய மரக்கூரையும் என்றும் ஈரம் மாறாத தரையும் வேண்டும்.

பாழின் தாயும் ஹாமாவும்

ஆந்தை என்றவுடன் நம் வீடுகளில் பேச்சே மாறிவிடுகிறது. அதன் அலறல் சாவுக்குறி என்பர். எத்தனை முறை அலறிற்று என எண்ணிப் பலன் சொல்வோரும் உளர். கல்லெடுத்து விரட்டுவது நற்செயலாகவே கருதப்படுகிறது. பிற சமயத்தார் மட்டுமல்லர், ஐவேளை தொழுவோரும் இவ்வச்சத்தினின்று விடுபட்டிலர் என்பதை வருத்தத்தோடு கூற வேண்டியுள்ளது.

ஜாஹிலிய்யா அரபிகளிடமும் இதே அச்சம் இருந்தது. கொலையுண்டவனுக்காகப் பழி வாங்கப்படாவிடில், அவன் தலையிலிருந்து ஹாமா என்னும் பறவை புறப்பட்டு, கல்லறை மீதமர்ந்து தாகம் தீர்க்குமாறு கூவிக்கொண்டேயிருக்கும். கொலையாளியின் குருதி சிந்தப்பட்ட பின்னரே அது அடங்கும் என நம்பினர். குலப்பகை தலைமுறை தோறும் தொடர்வதற்கு இந்த நம்பிக்கையும் எண்ணெய் வார்த்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நோய் தானே தொற்றும் என்ற எண்ணம், பறவைச் சகுனம், ஹாமா, ஸஃபர் பற்றிய நம்பிக்கை ஆகியவற்றை ஒரே தொடரில் மறுத்துரைத்த நபிமொழியை அபூஹுரைரா (ரலி) அறிவிக்க, புகாரீ, முஸ்லிம் இரண்டும் பதிவு செய்துள்ளன. இமாம் நவவீ (ரஹ்) தம் விரிவுரையில் ஹாமாவுக்கு இரு பொருள் தருகிறார். அரபிகள் தீக்குறியாகக் கொண்ட இரவுப் பறவை, அதாவது ஆந்தை, என்பது ஒன்று. இது இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் விளக்கம். இறந்தவரின் எலும்போ ஆவியோ பறவையாகும் என்ற நம்பிக்கை என்பது மற்றொன்று. இது பெரும்பாலான அறிஞர்களின் விளக்கம். எவ்வாறு கொண்டாலும் ஆந்தையின் மீது சுமத்தப்பட்ட பழி அன்றே நீக்கப்பட்டுவிட்டது.

ஆயினும் பெயர்களில் பழமை தங்கிவிடுகிறது. கமாலுத்தீன் தமீரீ (மறைவு ஹிஜ்ரி 808) தம் 'ஹயாத்துல் ஹயவான்' என்னும் விலங்கியற் பேரகராதியில் ஆந்தைக்குரிய புனைபெயர்களைத் தருகையில் உம்முல் கராப், அதாவது பாழின் தாய், என்பதையும் சொல்கிறார். இடிபாடுகளில் எலி மிகுதி; எலியை நாடி ஆந்தை வருகிறது; பாழைக் கண்டோர் ஆந்தையையும் கண்டு, இதனால் அது விளைந்தது என முடிச்சிட்டனர். ஸரந்தீபுச் சிற்றாந்தைக்கோ இப்பெயர் முற்றிலும் பொருந்தாது. காடு பாழாகும் இடத்தில் முதலில் மறைவது அதுவேயாகும்.

இந்த அச்சம் இந்தியாவில் ஆந்தைகளின் உயிரையே பறிக்கிறது. வனவுயிர் வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்புக்காகப் பறவையியலாளர் அப்ரார் அஹ்மத் 2010இல் வெளியிட்ட ஆய்வு, இந்நாட்டின் 30 ஆந்தை இனங்களில் 15 இனங்கள் கள்ள வணிகத்தில் விற்கப்படுவதைக் காட்டியது. மாந்திரீகம், தாயத்து, பலி ஆகியவையே முதன்மைக் காரணங்கள். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தடைசெய்திருந்தும் வாங்குவோர் இருக்கின்றனர். தாயத்துக்கு ஆந்தை நகம் தேடுவோர் மேற்கண்ட நபிமொழியை ஒருமுறை படித்தல் நன்று.

மரம் வெட்டப்பட்ட ஆண்டுகள்

இலங்கைச் சிற்றாந்தையை வாட்டுவது வேட்டையன்று, வாழிட இழப்பு. தீவின் தென்மேற்கில் ஒருகாலத்தில் தொடர்ந்து பரந்திருந்த தாழ்நில மழைக்காடு, ஆங்கிலேயர் காலத்தில் பெருந்தோட்டங்களுக்காக வெட்டப்பட்டது. தேயிலையும் ரப்பரும் அதன் இடத்தைப் பிடித்தன. எஞ்சியவை ஒன்றோடொன்று தொடர்பற்ற துண்டுகள். அவற்றுள் தலையாயது சிங்கராஜ வனம்.

1970களின் தொடக்கத்தில் அவ்வனத்திற்குள்ளும் இயந்திரங்கள் நுழைந்தன. கொஸ்கம என்னுமிடத்தில் அமைந்த ஒட்டுப்பலகை ஆலைக்காக அரசே மரம் வெட்டத் திட்டமிட்டது. அதை எதிர்த்து நின்றவருள் முதன்மையானவர் திலோ ஹோஃப்மன். 1922இல் சுவிட்சர்லாந்தில் பிறந்து, 1946இல் இலங்கைக்கு வந்து, வேளாண் வல்லுநராகப் பணியாற்றியவர். வனவுயிர், இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவராயிருந்தவர். காட்டை நேரில் நடந்தறிந்து, 1972இல் அதுபற்றி ஒரு சிறுநூல் எழுதி, ஆட்சியாளர்களிடம் தொடர்ந்து வாதாடினார். 1977இல் மரவெட்டு நிறுத்தப்பட்டது. 1978இல் சிங்கராஜ உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. ஹோஃப்மன் 2014இல் மறைந்தார். பறவையின் அறிவியற்பெயரில் அவர் பெயர் நிற்பது இந்தப் பணிக்காகவே.

இங்கே ஆண்டுகளை மீண்டும் நோக்குதல் வேண்டும். மரம் வெட்டப்பட்டது 1970களில். பறவை செவியுறப்பட்டது 1995இல். ஹோஃப்மன் வாதாடியபோது அக்காட்டில் இப்படியோர் ஆந்தை இருப்பது அவருக்கும் தெரியாது, ஆலை அமைத்தோருக்கும் தெரியாது. அன்று மரவெட்டு முழுமையடைந்திருந்தால், அங்கிருந்த ஆந்தைகள் அழிந்திருக்கும். அழிந்தது இன்னதென்று எவரும் அறிந்திருக்கமாட்டார். எந்தக் கணக்கிலும் அது இழப்பாக ஏறியிருக்காது. ஒரு காட்டை அழிக்க ஒப்புதல் தருமுன் அங்குள்ள உயிர்களின் பட்டியலைப் பார்த்து, அரியது ஒன்றுமில்லை என எழுதிவிடும் வழக்கம் எல்லா நாடுகளிலும் உண்டு. பட்டியல் என்பது மனிதன் இதுவரை அறிந்ததன் அளவே அன்றிப் படைப்பின் அளவு அன்று. பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என அல்அன்ஆம் அத்தியாயத்தின் 38ஆம் வசனம் உணர்த்துகிறது. அச்சமுதாயங்கள் நமக்குத் தெரிந்தவையாக இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனை அங்கே இல்லை. மதீனாவுக்கு அருகே நகீஉ என்னும் புல்வெளியை நபி (ஸல்) அவர்கள் ஹிமாவாக, அதாவது காப்புநிலமாக, ஆக்கியபோதும் காக்கப்பட்டது அந்நிலமே. அதிலிருந்த உயிர்களைப் பெயர் சொல்லி எண்ணிய பிறகன்று.

புதிய ஆந்தையின் குரல் இன்னதெனத் தெரிந்த பிறகு, பிற காடுகளிலும் அந்திக்குப்பின் செவி சாய்த்துத் தேடத் தொடங்கினர். 2006 ஜனவரி வரையிலான கணக்கெடுப்பில் சிங்கராஜ, கிதுல்கல, கன்னெலிய, மொரபிட்டிய–ரூணகந்த, ஏரத்ன–கிலிமலே ஆகிய ஐந்து காடுகளில் 80 பறவைகள் கண்டறியப்பட்டன. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 30 மீட்டர் முதல் 500 மீட்டர் வரையிலான தாழ்ந்த சரிவுகளிலேயே அவை வாழ்கின்றன. மனிதர் குடியேறவும் தேயிலை நடவும் வாய்ப்பான உயரமும் அதுவே என்பதுதான் இடர். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இது அழியும் ஆபத்திலுள்ள இனமாக வைக்கப்பட்டுள்ளது. காட்டின் விளிம்பைச் சிறுகச் சிறுக அரிக்கும் தேயிலைத் தோட்டங்கள், விறகு வெட்டு, இரத்தினபுரிப் பக்கத்து மணிக்கல் அகழ்வு ஆகியவை ஓயவில்லை. 2020இல் சிங்கராஜவின் எல்லைக்குள் லங்காகம சாலை அகலப்படுத்தப்பட்டபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. ஒதுங்கிய அச்சிற்றூர் மக்களுக்கு மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் வழி வேண்டும் என்ற நியாயத்தையும் தள்ளிவிட இயலாது. இவ்விரண்டையும் ஒருசேர நிறைவேற்றும் திட்டம் வகுப்பது ஆட்சியாளர் பொறுப்பு. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறுப்பது எளிய வழி, அவ்வளவே.

மேற்சொன்ன ஐந்தனுள் ஏரத்ன–கிலிமலேதான் ஆதம் மலையடிவாரக் காடு. இரத்தினபுரிப் பக்கமிருந்து மலையேறும் பழைய பாதைகள் அதன் ஓரமாகவே செல்கின்றன. டிசம்பர் முதல் மே வரையிலான யாத்திரைப் பருவத்தில், உச்சியில் சூரிய உதயம் காண விரும்புவோர் இரவிலேயே விளக்குகளோடு அப்பாதைகளில் ஏறுவர். ஆந்தை கூவத் தொடங்கும் நேரமும் அதுவே. இரைச்சலுக்கிடையே நீண்ட இடைவெளி விட்டு ஒலிக்கும் அந்த ஒற்றைக் குரலை, நின்று கேட்கத் தெரிந்த வழிகாட்டிகள் இப்போது அங்கே சிலர் இருக்கின்றனர்.